ஈரத் தீக்குச்சிகளின் நன்றிப் பட்டியல்

"இந்த மஃபின் யாருப்பா?" என்று கேட்டார் அச்சகத்து வெர்னா.

"நாய்," என்றார் ராய்ஸ் லிண்ட்குவிஸ்ட்.

"நாயா?"

"பெமிட்ஜியில எங்க வண்டி நின்னுபோச்சு. அந்தத் தெரு நாய் ரெண்டு நாள் எங்களை விட்டு நகரவே இல்ல. நல்ல நாய்."

வெர்னா மூக்குக்கண்ணாடியைச் சற்றே உயர்த்தி, கையிலிருந்த பழைய குறுந்தட்டின் உறையை மீண்டும் படித்தார். "டயர் கடைக்கு நன்றி. அபராதம் போட்ட போலீஸ்காரருக்கு நன்றி. நாய்க்கு நன்றி. உனக்குத் தாராள மனசுதான்."

அந்த எண்பத்து மூன்று பெயர்களுள் இடம்பெறாத ஒரு பெயரை ராய்ஸ் மட்டுமே அறிவார். அதை எண்ணி அவர் இருபத்தாறு ஆண்டுகளாக வருந்தி வந்தார்.

டுலூத் நகரின் மேற்கு முனையில் உள்ள அச்சகத்துக்கு அந்தத் திங்கட்கிழமை காலை அவர் வந்ததன் நோக்கம் எளியது. 'ஈரத் தீக்குச்சிகள்' என்னும் ராக் இசைக்குழு, இருபத்தாறு ஆண்டுக்கால மௌனத்தைக் கலைத்து, 'பனி உருகினால் பார்க்கலாம்' என்ற புதிய இசைத்தட்டை வெளியிட இருந்தது. பாடல்கள் பதிவாகிவிட்டன. உறையின் முகப்பும் ஆயத்தமாக இருந்தது. உட்பக்கத்தில் இடம்பெற வேண்டிய நன்றிப் பட்டியல் மட்டுமே எஞ்சியிருந்தது. அதனை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஒப்படைக்கத் தவறினால், அடுத்த வாய்ப்பு செப்டம்பரில்தான். வெளியீட்டுக் கச்சேரியோ ஏப்ரல் பதினான்கு என்று ஊருக்கே அறிவிக்கப்பட்டுவிட்டது.

"காபி குடிக்கிறியா?" என்றார் வெர்னா.

"வேண்டாம் வெர்னா."

"சூடா இருக்கு."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"போட்டாச்சுப்பா. வீணாத்தான் போகும்."

"அப்படின்னா அரைக் கப்."

விளிம்பு வரை நிறைந்த கோப்பை வந்தது. ராய்ஸ் அதை நன்றியுடன் பெற்றுக்கொண்டார். நன்றி அவருக்கு இயல்பாகவே மிகுதி. பிறர் தமக்குச் செய்த சிறு உதவியையும் அவர் மறப்பதில்லை. ஒரே ஒரு முறை மறந்தார். அது பேருதவியாக அமைந்துவிட்டது.

குழுவின் தொடக்க காலத்தில் உறுப்பினர் மூவர். ராய்ஸ் பாடினார். டுவைட் என்பவர் டிரம்ஸ் வாசித்தார். அவர் இப்போது அரிசோனாவில் வெயில் காய்கிறார், திரும்புவதாக இல்லை. மூன்றாமவர் ஹார்லன் பெக், பேஸ் கிட்டார் வாசித்தவர், ராய்ஸின் பள்ளித் தோழர். அம்மூவரும் ஒன்பது ஆண்டுகள் ஒத்திகை பார்த்தது ஹார்லனின் தாயார் லொரெய்ன் பெக் அவர்களுடைய வீட்டின் நிலவறையில். அந்த அம்மையார் வாரம் இருமுறை, உருளைக்கிழங்கு உருண்டைகளை மேலே அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் தட்டை ஏந்திப் படியிறங்கி வருவார். ஒருமுறையேனும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதில்லை. மாறாக ஒரு நாள், "கொஞ்சம் சத்தமா வாசிங்கப்பா, மேல சமையல்கட்டுல சரியாக் கேக்கல," என்றார்.

அந்த ஊரில் இசைத்தட்டு வாங்குவோர் முதலில் பாட்டைக் கேட்பதில்லை. உறையைப் பிரித்து, நன்றிப் பட்டியலில் தம் பெயரைத் தேடுவர். அடுத்து, தமக்குப் பிடிக்காதவரின் பெயரைத் தேடுவர். அதன் பின்னரே பாட்டு.

1997-இல் குழுவின் மூன்றாம் குறுந்தட்டு வெளியாயிற்று. அதற்கான கோடைச் சுற்றுப்பயணத்துக்கு ராய்ஸ் ஹார்லனை அழைத்தார். "என்னை விட்டுடு, வேற நல்ல ஆளாப் பாத்துக்கோ," என்றார் ஹார்லன். ஒரு வாரம் கழித்து ராய்ஸ் தொலைபேசியில் மறுபடி அழைத்தார். "நான் வந்து என்ன ஆகப்போகுது?" என்றார் ஹார்லன். நெருங்கிய நண்பனிடம் திடீரெனத் தோன்றிய இந்த வறட்சிக்குக் காரணம் புரியாமல் ராய்ஸ் தவித்தார். அன்று பிற்பகல் தற்செயலாகக் குறுந்தட்டு உறையை எடுத்துப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நாயின் பெயர் இருந்தது. லொரெய்ன் பெக்கின் பெயர் இல்லை.

காரணம் புரிந்துவிட்டது. ஹார்லனுக்கு முகம் காட்டவும் அவருக்குத் துணிவு இல்லாமற்போயிற்று. பயணம் கைவிடப்பட்டது. குழு கலைந்தது. ராய்ஸ் ஹார்டுவேர் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் லொரெய்ன் அம்மையார் காலமானபோது, தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்று, பரிமாறிய ஹாம் சான்ட்விச்சைக் கண்ணீருடன் தின்று, எவரிடமும் பேசாமல் வெளியேறினார்.

ஆகவே இந்தப் பட்டியல் அவருக்கு வெறும் பட்டியல் அன்று.

"வெர்னா, முதல் பெயரா லொரெய்ன் பெக்கைப் போடு. மத்ததெல்லாம் கீழே அகர வரிசையில வரட்டும்."

வெர்னா தட்டச்சை நிறுத்தினார். "அவங்க மட்டும் மேலயா?"

"ஆமா."

"ஓ." சிறிது நேரம் சாளரத்துக்கு வெளியே பெய்த பனியைப் பார்த்தார். "அது... வித்தியாசமா இருக்கு."

ராய்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த ஊரில் ஒருவர் ஒன்றை 'வித்தியாசமா இருக்கு' என்று கூறிவிட்டால், வேற்றூரில் மேசையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவதற்கு அது சமம்.

"மத்தவங்க வருத்தப்படுவாங்களோ?" என்றார் மெதுவாக.

"சே சே, யாரு வருத்தப்படப் போறா? நல்லாத்தான் இருக்கு," என்றார் வெர்னா.

அன்று மதியம் தேவாலயப் பாடற்குழுவின் ஒத்திகையில் வெர்னா இச்செய்தியை யாரிடமும் சொல்லவில்லை. யாரேனும் கேட்டால் சொல்லக்கூடாது என்று பதினான்கு பேரிடம் கேட்டுக்கொண்டார், அவ்வளவே.

செவ்வாய்க்கிழமை காலை ஹார்டுவேர் கடை திறந்ததும், ஓய்வுபெற்ற பனியகற்றும் வண்டி ஓட்டுநரான கிளாரன்ஸ் கல்லாவின் முன் வந்து நின்றார்.

"ஒரு ஸ்க்ரூ குடு, ராய்ஸ்."

"ஒண்ணேவா?"

"ஒண்ணு போதும்." கிளாரன்ஸ் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "ஏதோ லிஸ்ட் போடறியாமே. என் பேரையெல்லாம் போட்டுடாதே, இப்பவே சொல்லிட்டேன்."

"ஏன் கிளாரன்ஸ்?"

"நான் என்ன பெருசாப் பண்ணிட்டேன்? தொண்ணூத்திரண்டுல உங்க வண்டியைப் பள்ளத்துலேருந்து இழுத்துவிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழ முப்பது டிகிரி. இந்த விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கு, பாரு. கிள்ளு. ம், கிள்ளு. ஒண்ணும் தெரியாது. அதெல்லாம் ஒரு விஷயமா?"

ராய்ஸ் கிள்ளினார். பிறகு காகிதத்தை எடுத்துக் கிளாரன்ஸின் பெயரைக் குறித்துக்கொண்டார். அவருக்கு உண்மையாகவே நெஞ்சு நெகிழ்ந்திருந்தது.

"ஐயோ, எழுதாதேன்னா எழுதறியே," என்று கூறிய கிளாரன்ஸ், பெயர் எழுதி முடிக்கப்படும் வரை காத்திருந்து விடைபெற்றார்.

அவருக்குப் பின்னால் நின்றவர் நூலகத்தில் பணிபுரியும் டார்லா.

"எனக்கும் ஒரு ஸ்க்ரூ. என் பேரு எதுக்கு ராய்ஸ்? உங்க முதல் கச்சேரிக்கு மொத்தமே நாலு பேரு வந்தாங்க. அதுல ஒருத்தி நான். மத்த மூணு பேரும் நான் இழுத்துட்டு வந்தது. அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கச் சொன்னா?"

பெயர் எழுதப்பட்டது.

இவ்வாறு அன்று மாலைக்குள் நூற்றுப் பத்தொன்பது ஸ்க்ரூக்கள் தனித்தனியாக விற்பனையாயின. வாங்கியவர் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று வற்புறுத்தினர். கடை முதலாளி கதவைச் சாத்தும்போது, "உன் பாட்டு எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா கடையில இவ்வளவு கூட்டத்தை நான் பாத்ததே இல்ல," என்றார். சாவியைப் பைக்குள் போட்டவர் திரும்பினார். "இருபது வருஷமா ஒத்திகைன்னா லீவு குடுத்திருக்கேன். அதுக்காக என் பேரைப் போட்டுடாதே."

"இருபது வருஷமா குழுவே இல்லையே," என்றார் ராய்ஸ்.

"இருந்திருந்தாக் குடுத்திருப்பேன்ல?"

அந்தப் பெயரும் எழுதப்பட்டது.

புதன்கிழமையன்று பட்டியல் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை எட்டியிருந்தது. எழுத்துகளைச் சிறிதாக்கிக்கொண்டே வந்த வெர்னா ஒரு கட்டத்தில் கைவிரித்தார். "இதுக்கு மேல சின்னதாக்கினா எறும்புக்குக் கண்ணாடி மாட்டித்தான் படிக்கச் சொல்லணும்."

"பாட்டு வரிகளை எடுத்துடு," என்றார் ராய்ஸ்.

வரிகள் அகற்றப்பட்டன. இடம் போதவில்லை.

"குழுவோட போட்டோவையும் எடுத்துடு."

"புதுசா வந்தவங்க ரெண்டு பேருக்கும் இருக்கறது அந்த ஒரு போட்டோதானே?"

"அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

புதிதாக வந்தவர் இருவரையும் பற்றி இங்கே கூறியாக வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும் மாரிட் ஆஹோ, பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவர். கை நடுங்குதல் என்பதையே அறியாதவர். ராய்ஸ் அவரைக் குழுவுக்கு அழைத்தபோது, "ஐயோ, நானா?" என்றார். மறுபடி அழைத்தபோது, "என்னைவிட நல்லா வாசிக்கிறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க," என்றார். மூன்றாம் முறை அழைத்ததும், "சரி, இவ்வளவு சொல்றீங்க," என்று எழுந்தார். அவருடைய கைப்பையில் டிரம்ஸ் குச்சிகள் முதல் அழைப்புக்கு முன்னரே இருந்தன.

கிட்டார் வாசிக்கும் டூ வாங் என்பவரோ கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் வளர்ந்த ஹ்மாங் இனத்து இளைஞர். பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். ராய்ஸ் அழைத்த உடனே, "வர்றேன்," என்றார். ராய்ஸ் திகைத்துப்போனார். முதல் முறையிலேயே சம்மதம் கிட்டும் என அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. பழக்கத்தின் காரணமாக மேலும் இருமுறை அழைத்தார். டூ மூன்று முறையும் சம்மதித்தார். மூன்றாம் முறை, "உங்களுக்குக் காது சரியாக் கேக்குதா?" என்று பரிவுடன் விசாரித்தார்.

அதே டூவின் வீட்டுக்கு ஒருநாள் விருந்துக்குச் சென்றிருந்தபோது, அவருடைய தாயார் இறைச்சி அடைத்துச் சுருட்டிப் பொரித்த எக்ரோல்களைத் தட்டு நிறைய நீட்டினார் டூ. ராய்ஸ் மரியாதையின் பொருட்டு, "வேண்டாம்," என்றார். "சரி," என்று டூ தட்டை எடுத்துச் சென்றுவிட்டார். வெறும் வயிற்றுடன் வீடு திரும்பிய ராய்ஸ், அந்த எக்ரோல்களை இன்றளவும் கனவில் காண்கிறார். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஏற்பதே பண்பாடு என்பதை ஃபிரெஸ்னோவில் எவரும் கற்பிப்பதில்லை போலும்.

மாரிட் வீட்டுக் கார் கொட்டகையில் ஒத்திகை தொடங்குவதற்கு முன், ராய்ஸ் உறையின் மாதிரித் தாளைக் காட்டினார். டூ அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"தலைவரே, என் போட்டோ எங்க?"

"இடம் போதல. எடுத்துட்டேன்."

"எனக்குப் பிடிக்கல," என்றார் டூ.

ராய்ஸ் அருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு ஆண்டுக்கால வாழ்க்கையில் இச்சொற்களை எவரும் அவர் முகத்துக்கு நேரே கூறியதில்லை. அவர் திருமணம் முறிந்தபோதுகூட, "கொஞ்சம் யோசிச்சுப் பாக்கலாமே," என்றுதான் மனைவி கூறியிருந்தார்.

"மாரிட், உனக்கு எப்படி இருக்கு?" என்றார் ஆதரவு தேடி.

"எனக்கா?" மாரிட் டிரம்ஸின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே பேசினார். "பரவாயில்ல. ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"பாத்தீங்களா, அவங்களுக்குப் பரவாயில்லையாம்," என்றார் டூ.

ராய்ஸுக்கோ முதுகு சில்லிட்டது. மூன்றையும் ஒரே மூச்சில் கூறியிருக்கிறார் மாரிட்! இனி அவர் ஒரு வாரத்துக்கு மேல் குழுவில் நீடித்தால் அது வியப்பு.

"அது கிடக்கட்டும்," என்றார் டூ. "கச்சேரியில பேஸ் யாரு? ஸ்டுடியோவுல நானே ரெண்டையும் வாசிச்சுட்டேன். மேடையில எனக்கு நாலு கையா இருக்கு? பேசாம ஹார்லனைக் கூப்பிடுங்க."

"அவன் வரமாட்டான்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்ப?"

"தொண்ணூத்தேழுல."

டூ ஏதோ கணக்குப் போடுவதைப்போல் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். "அப்ப நான் மூணாங்கிளாஸ். தலைவரே, இப்பக் கேளுங்க."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? அவங்கம்மா போட்ட சோத்தை ஒன்பது வருஷம் தின்னுட்டு நாய்க்கு நன்றி சொன்னவன்டா நான்."

மாரிட் தாளத்தட்டை மிக மெதுவாக ஒருமுறை தட்டினார். அது அனுதாபத்தின் ஒலியாகவே பட்டது.

வியாழக்கிழமை காலை ராய்ஸ் ஒரு தீர்வு கண்டார். அதன் எளிமையை எண்ணி அவரே மகிழ்ந்தார். பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, 'எங்களுக்கு உதவிய அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரி. படமும் பாட்டு வரிகளும் மீண்டும் இடம்பெறும். எவரும் விடுபடமாட்டார், லொரெய்ன் அம்மையார் உட்பட.

"ம்ம்," என்றார் வெர்னா. "சுருக்கமா இருக்கு."

"நல்லா இருக்கா?"

"அதுவும் ஒரு வழிதான்."

வெர்னா அன்றும் யாரிடமும் சொல்லவில்லை. எனினும் நண்பகலில் கிளாரன்ஸ் கடைக்கு வந்து, கல்லாவின் மீது அந்த ஸ்க்ரூவையும் அதற்குரிய ரசீதையும் வைத்தார்.

"திருப்பிக் குடுத்துடறேன்பா. தேவைப்படல."

"கோவமா கிளாரன்ஸ்?"

"கோவமா? எனக்கா? அனைவருக்கும் நன்றி சொல்லியிருக்கியாமே. ரொம்பப் பெரிய மனசு." மரத்துப்போன விரலை ஒருமுறை ஊதிவிட்டு வெளியேறினார்.

மாலைக்குள் தொண்ணூற்றாறு ஸ்க்ரூக்கள் திரும்பி வந்தன. வெள்ளிக்கிழமை விடிந்ததும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் ராய்ஸின் வாசலையும் சேர்த்துப் பனி அகற்றித் தரும் அடுத்த வீட்டுக்காரர், தம் இயந்திரத்துடன் வந்தார். இரு வீடுகளுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டில், அளவுகோல் வைத்தாற்போல் சரியாக நின்றார். ராய்ஸைப் பார்த்து மலர்ந்த முகத்துடன் கையசைத்தார். திரும்பிச் சென்றார்.

முழங்கால் அளவு பனியில் நின்றபடி ராய்ஸ் தம் நிலையைச் சீர்தூக்கிப் பார்த்தார். ஊர் முழுவதும் தம்மிடம் இனிமையாக நடந்துகொள்கிறது. இதனினும் பெரிய ஆபத்து வேறில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் விலகும் நிலையில் இருக்கிறார். இவ்வளவுக்கும் காரணமான ஹார்லனுக்கோ இன்னும் ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை.

பதினொன்றரை மணிக்கு அச்சகத்தில் வெர்னா காபி வேண்டுமா என்று கேட்டபோது, ராய்ஸ், "குடு," என்றார். வெர்னா அச்சமுற்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே. என்னப்பா ஆச்சு உனக்கு?"

"வெர்னா, எல்லாத்தையும் அழிச்சுடு. ஒரே ஒரு பேர் போதும்."

அவர் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். வெர்னா அதை உரக்கப் படித்தார்.

'லொரெய்ன் பெக்குக்கு நன்றி. ஒன்பது ஆண்டுகள் எங்களுக்குச் சோறு போட்டார். கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னார். எங்களிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.'

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"எனக்குப் பிரசவம் ஆனப்ப, பதினோரு நாள் ஹாட்டிஷ் கொண்டுவந்து வச்சுட்டுப் போனாங்க," என்றார். "கதவைக்கூடத் தட்டமாட்டாங்க. படியில வச்சுட்டுப் போயிடுவாங்க."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு உறை அச்சுக்குச் சென்றது.

அன்று பிற்பகல் கிளாரன்ஸ் மீண்டும் கடைக்கு வந்தார். "அந்த ஸ்க்ரூ இருக்கா? தேவைப்படும்போலத் தோணுது," என்றார். தம் பெயருக்குப் பதிலாக வேறெவர் பெயர் இருந்திருந்தாலும் ஊர் மன்னித்திராது. ஆனால் அந்த அம்மையாரின் ஹாட்டிஷை உண்ணாதவர் ஊரில் எவரும் இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் இயந்திரம் எல்லைக்கோட்டைக் கடந்து ராய்ஸின் படிக்கட்டு வரை வந்தது. உறையின் மறுபக்கத்தில் தம் படத்தைக் கண்ட மாரிட், "மோசமில்ல," என்றார். அந்த ஊரில் இதனினும் உயர்ந்த பாராட்டு வழக்கில் இல்லை.

ஆறு வாரங்கள் கழிந்தன. இசைத்தட்டின் முதல் பிரதி கைக்கு வந்ததும், ராய்ஸ் அதைத் துணியில் சுற்றிக் காரின் முன்னிருக்கையில் வைத்து, பக்கத்து ஊரான பிராக்டருக்குப் புறப்பட்டார். ஹார்லனின் வீடு அங்கேதான். பதினைந்து நிமிடப் பயணம். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடக்க அவருக்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் பெட்ரோல் நிலையத்தில் ஏழெட்டு முறை இருவரும் எதிர்ப்பட்டு, தலையசைத்து, வானிலையைப் பற்றிப் பேசிப் பிரிந்ததுண்டு.

கதவைத் திறந்தவர் ஹார்லனே. தலை முற்றிலும் நரைத்திருந்தது. ரயில்வே பணிச் சீருடையில் இருந்தார்.

"வாடா," என்றார். நேற்றுத்தான் பிரிந்தவர்போல.

அவருடைய மனைவி ஆர்லிஸ் காபி வேண்டுமா என்று கேட்டார். ராய்ஸ் மறுத்தார். எலுமிச்சை கேக்கும் இருப்பதாக ஆர்லிஸ் கூறினார். ராய்ஸ் மீண்டும் மறுத்தார். கேக்கை அறுத்தாயிற்று என்று ஆர்லிஸ் கூறியதும் ஏற்றுக்கொண்டார். வரவேற்பறையின் மூலையில் அந்தப் பழைய பேஸ் கிட்டார் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கம்பிகள் புத்தம் புதியனவாக மின்னின. அருகில் ஒலிபெருக்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேவாலயத்தில் வாசிக்கிறான் போலும் என்று ராய்ஸ் எண்ணிக்கொண்டார்.

ஹார்லன் உறையைப் பிரித்தார். உட்பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். தாயாரின் பெயரின் மீது கட்டைவிரலை வைத்துச் சிறிது நேரம் எடுக்கவில்லை.

"மோசமில்ல," என்றார்.

ராய்ஸின் கண்கள் நிறைந்தன. "இதை அப்பவே பண்ணியிருக்கணும்டா."

"அம்மா இருந்திருந்தா, 'இதெல்லாம் எதுக்கு'ன்னு அடுப்புப் பக்கம் திரும்பியிருப்பா. நீ அந்தப்பக்கம் போனதும் ஊருக்கெல்லாம் போன் போட்டிருப்பா."

இருவரும் சிரித்தனர். இருபத்தாறு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. தாம் எத்தகைய பேறு பெற்றவர் என்று ராய்ஸ் எண்ணினார். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் கேக்கும் தருகிறார்கள்.

"ஏப்ரல் பதினாலு கச்சேரி. முடிஞ்சா வா," என்றார்.

"பாக்கலாம்." ஹார்லன் சாளரத்தை நோக்கினார். "பேஸ் யாரு வாசிக்கறா?"

"இன்னும் முடிவாகல."

"அப்படியா."

"ஆமா."

இருவரும் வெளியே பனியைப் பார்த்தனர். ராய்ஸின் நாக்கு நுனி வரை ஒரு கேள்வி வந்தது. கிடைத்த மன்னிப்புக்கு மேல் ஆசைப்படுவது நன்றிகெட்ட செயல் என்று அவருக்குத் தோன்றியது. கேள்வியைக் கேக்குடன் சேர்த்து விழுங்கினார்.

விடைபெறுதல் வழக்கப்படி நாற்பது நிமிடம் நீடித்தது. சமையலறையில் கால் மணி, கதவருகே கால் மணி, எஞ்சியது வாசற்படியில். இறுதியில் ஹார்லன் உள்ளே சென்றார். ஆர்லிஸ் மட்டும் மூடியிட்ட ஹாட்டிஷ் பாத்திரத்துடன் கார் வரை வந்தார்.

"லொரெய்ன் அத்தை பண்ற மாதிரியேதான் பண்ணியிருக்கேன். வச்சுக்கங்க."

"ரொம்ப நன்றி ஆர்லிஸ். எல்லாத்துக்கும். அவன் கோவத்தை விட்டுட்டான், எனக்கு அதுவே போதும்."

"என்ன கோவம்?"

"அந்தப் பழைய சிடியில நன்றி லிஸ்ட்ல அத்தை பேரு விட்டுப்போச்சே. அதுக்குத்தானே..."

ஆர்லிஸ் புருவத்தைச் சுருக்கினார். "அந்த சிடியா? அவரு இன்னும் அதோட பிளாஸ்டிக் தாளையே பிரிக்கலையே. தன் பாட்டைத் தானே கேக்கக் கூச்சமா இருக்குன்னு பரண்ல போட்டு வச்சிருக்காரு."

ராய்ஸின் கையில் கார்ச் சாவி அப்படியே நின்றது. "அப்ப எதுக்கு என்னை விட்டுட்டுப் போனான்?"

வீட்டினுள்ளிருந்து பேஸ் கிட்டாரின் கனத்த ஒலி எழுந்தது. புதிய இசைத்தட்டின் முதற்பாடல் ஓட, அதனுடன் ஒருவர் தட்டுத்தடுமாறி வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் அதைச் சற்று நேரம் கேட்டார். பிறகு ராய்ஸைப் பார்த்து, குறை கூறும் தொனி சிறிதும் இன்றிச் சொன்னார்:

"அவரு எங்க போனாரு ராய்ஸ்? நீங்கதான் ரெண்டு தடவை கூப்பிட்டதோட நிறுத்திட்டீங்க."